அந்தப் பழைய கொம்பியூட்டரைத் தூக்கிப் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததைப் பற்றி இரண்டே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான் மலையகத்தில் கட்டிலுக்கடியிலும் அலுமாரி மேலேயும் எத்தனை கொம்பியூட்டர்கள் துணி போர்த்திப் படுத்துக்கிடக்கின்றன என்று புரிந்தது. தனித்தனியாகப் பதில் எழுத முடியாது, ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்களில் பாதி அதில்தான் தொங்குகிறது: இன்றைக்குப் பழைய மெஷினை மூச்சு வாங்க வைப்பது பெரும்பாலும் பிரவுஸர். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பாரம் குறையும், உண்மைதான், ஆனால் யூடியூப் பக்கமும் முகநூலும் அதே கனத்தோடுதான் வந்து இறங்கும்.

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலையில் நலன்விரும்பிகள் கொடுத்த 10 கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. கோர் 2 டுவோ, 2 ஜீபி ரேம், விண்டோஸ் 7. மூன்று ஏற்கெனவே செத்துவிட்டன. திருத்த வந்தவர் எல்லாவற்றையும் கழித்துவிடச் சொல்கிறார். த.தொ.தொ. (தகவல் தொடர்பாடல் தொழினுட்ப) பாடத்துக்கு வேறு வழியில்லை. லினக்ஸ் போட்டால் சரிவருமா? எங்களிடம் ஃபைபர் எல்லாம் கிடையாது, டேட்டா சிம் மட்டும்தான்.
— ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: கழிக்காதீர்கள் டீச்சர். கோர் 2 டுவோ 2006இல் வந்தது, பழசுதான், ஆனால் 64 பிட் சில்லு. இன்றைய லினக்ஸ் வெளியீடுகள் பலவும் கேட்பது அதைத்தான். வயதைப் பார்த்துக் கழிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

முதலில் செத்த மூன்றையும் திறந்து ரேம் குச்சிகளைக் கழற்றுங்கள். உயிரோடு இருப்பவற்றில் எதில் ஸ்லொட் வெறுமையாக இருக்கிறதோ அதில் போடுங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஏறவில்லை என்றால் அமுக்க வேண்டாம், அது வேறு சாதி. இப்படி 4 ஜீபி சேர்ந்துவிட்ட மெஷின்களில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம், விண்டோஸ் 7 பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது. 2 ஜீபியிலேயே நிற்பவற்றில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டைப் போட்டு, எல்எக்ஸ்கியூடி என்ற இலேசான முகப்பைத் தெரிவு செய்யுங்கள். மின்ட் 2 ஜீபியிலும் ஏறும், ஏறி உட்கார்ந்துகொண்டு பெருமூச்சு விடும்.

டேட்டா சிம்தான் என்கிறீர்கள், அதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏழு மெஷினிலும் தனித்தனியாக நிறுவி, ஏழிலும் புதுப்பிப்புகளை இறக்கினால் மாத டேட்டா ஒரே நாளில் போய்விடும். ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் செய்யுங்கள். நிறுவுங்கள், புதுப்பியுங்கள், லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறதா பாருங்கள், சாதாரண தரத்துக்குப் பாஸ்கல் வேண்டும் என்பதால் ஃப்ரீ பாஸ்கல், உயர்தரப் பிள்ளைகள் இருந்தால் பைதன் (பைதன் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்), தமிழ்த் தட்டச்சு, பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கணக்கு, எல்லாம் முடிந்து உங்களுக்குத் திருப்தியான பிறகு குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளால் அந்த வன்தட்டை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, மற்றவற்றில் இறக்குங்கள். அதற்கு இணையம் ஒரு சொட்டும் வேண்டாம். இறக்கப்படும் வன்தட்டு மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் தகராறு செய்யும், ஆகவே இருப்பதிலேயே சின்ன வன்தட்டு உள்ள மெஷினை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு ரேம் உள்ளவற்றுக்கு ஒரு பிரதி என்று இரண்டு பிரதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்த தவணையில் யாராவது எதையாவது அழித்துவிட்டால் பிரதியைத் திரும்ப இறக்கினால் போதும், பழையபடி ஆகிவிடும்.

பணம் கொஞ்சம் கிடைத்தால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகம்), பிறகுதான் மற்றதெல்லாம். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு மிகச் சிறிய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டாலே அது வேறு மெஷின் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் பழகிவிடுவார்கள் டீச்சர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெனு எங்கே போச்சு என்று கேட்டு வருவது ஆசிரியர் அறையிலிருந்துதான் இருக்கும்.

கேள்வி: மகளின் லெப்டொப் கோர் ஐ3, மூன்றாம் தலைமுறை, 4 ஜீபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். அவளுக்குச் சூம் வகுப்பும், பாடம் தட்டச்சு செய்வதும்தான் வேலை.
— ஒரு தாய், பண்டாரவளை

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. இரண்டாவது பாதி அவருடைய வியாபாரம். இன்றைக்கு வந்த கடிதங்களில் மிக நல்ல மெஷின் உங்களுடையதுதான் அக்கா. ஒரு எஸ்எஸ்டி, முடிந்தால் இன்னொரு 4 ஜீபி ரேம், லினக்ஸ் மின்ட். சூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. நிறுவும் முன்னே பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்த்து கெமராவும் மைக்கும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அதுவரை உள்ளே இருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை. மகளின் படங்கள், பாடக் குறிப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்த பிறகே "நிறுவு" என்பதை அழுத்துங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு குட்டி நெட்புக் இருக்கிறது. அட்டம் என்270, 1 ஜீபி ரேம். உபுண்டு போட முயன்றேன். இந்தக் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) 64 பிட் சில்லு வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஒரு வரி காட்டி நின்றுவிடுகிறது. பென் டிரைவ் பிழையா?
— உயர்தர மாணவன், பொகவந்தலாவை

பதில்: பென் டிரைவில் குற்றமில்லை தம்பி, அது உண்மையைத்தான் சொல்கிறது. என்270 2008இல் வந்த 32 பிட் சில்லு. அதற்குள் 64 பிட் எந்த வழியிலும் நுழையாது. 32 பிட்டுக்கான கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இந்த வகைக்கு நிறுவும் மென்பொருளும் தருவதில்லை, கர்னலும் தருவதில்லை. அதற்கு முந்திய டெபியன் 12இல் இன்னும் உண்டு, அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை போகும். அதைவிட இலேசு வேண்டுமென்றால் ஆன்டிஎக்ஸ், அல்லது முழுவதையும் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு ஓடும் பப்பி லினக்ஸ். நானாக இருந்தால் ஆன்டிஎக்ஸ் போடுவேன். அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் 1 ஜீபியில் கை தாராளமாக அசைக்க இடம் விடும்.

இப்போது கசப்பான பகுதி. குரோம் 2016லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது, ஃபயர்ஃபொக்ஸும் 145ஆம் பதிப்போடு விட்டுவிட்டது, நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140 மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். ஆகவே என்ன போட்டாலும் அந்த நெட்புக்கில் இணையம் என்பது பனிமூட்டத்தில் ஹட்டன் வீதியில் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும், நகரும், ஆனால் யாருக்கும் அவசரம் இருக்கக்கூடாது. இணையத்தை ஃபோனில் பாருங்கள். நெட்புக்கைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைதன் எழுதிப் பழக, எச்டிஎம்எல் பக்கம் செய்ய, மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாக அதன் சகோதரன் மரியாடிபியை வைத்து வினவல்கள் எழுத, கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப்களைத் திறக்க 1 ஜீபி தாராளம். அந்தச் சில்லு குடிப்பது வெறும் 2.5 வாட், அந்த வகையில் வீட்டுக்குப் பாரமே இல்லை. வைஃபை பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், அதன் வழியே வைஃபைக்கு வேண்டிய ஃபேர்ம்வெயரை (அந்தக் கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) இறக்கலாம்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டரில் திகதி 2009க்குப் போய்விடுகிறது. அப்புறம் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கிறது. வைரஸா?
— வாசகர், பசறை

பதில்: வைரஸ் இல்லை. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பெட்டரி இருக்கும், சி.ஆர். 2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்துவிட்டது. பிளக்கில் இருக்கும்வரை மின்வழங்கியின் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிவிடும், அதனால்தான் பெட்டரி செத்தது உங்களுக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை, கரண்ட் போனதும் குட்டு உடைகிறது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டும் உண்டு. 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவைதான். பெட்டரியை மாற்றி, பயோஸுக்குள் (மெஷின் கண் விழிக்கும்போது வரும் அமைப்புத் திரை) போய் நேரத்தைச் சரிசெய்யுங்கள். லினக்ஸ் போட்டவர்களுக்கு இணையம் கிடைத்ததும் நேரம் தானாகத் திருந்தும், ஆனாலும் பெட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: டவுனில் கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். ஃபோட்டோகொபி, கடிதம் டைப் செய்வது, கலியாணக் காட், மரண அறிவித்தல். 15 வருடத்துக் கோப்புகள் எல்லாம் பாமினியில், காட் எல்லாம் பேஜ்மேக்கரில். இரண்டு மெஷின். பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஒன்று, விண்டோஸ் 7 ஒன்று. லினக்ஸுக்கு மாறினால் இவையெல்லாம் போய்விடுமா?
— கடை உரிமையாளர், ஹட்டன்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கடையில் பாமினியில்தான் தட்டச்சு பழகினேன், இன்றைக்கும் விரல் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

எக்ஸ்பி மெஷினைத் தொடாதீர்கள். பேஜ்மேக்கர் அதில் ஓடுகிறது, காட் அச்சாகிறது, அது உங்கள் சோறு. அதை லினக்ஸுக்கு மாற்றச் சொல்பவன் உங்கள் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்காதவன். ஆனால் இணைய வயரைக் கழற்றிவிடுங்கள், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேரே அதில் செருகவும் வேண்டாம், ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் கொமியூனிகேஷன் வழியாகத்தான் பஸ் ஏறுகிறது. அந்த வன்தட்டை இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 15 வருடம் ஓடிய வன்தட்டு சொல்லிவிட்டுச் சாகாது.

விண்டோஸ் 7 மெஷினில் லினக்ஸ் போடுங்கள். வாடிக்கையாளரின் பென் டிரைவ், மின்னஞ்சல், விண்ணப்பப் படிவம் இறக்குவது, ஸ்கேன், எல்லாம் அதில். சுத்தம் பார்த்த கோப்பு மட்டும் அங்கிருந்து எக்ஸ்பிக்குப் போகட்டும்.

பாமினி விஷயத்துக்கு வருவோம். பாமினி ஒரு ட்ரூடைப் எழுத்துரு, அவ்வளவுதான், அந்தக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம், லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதத்தைத் திறந்தால் தமிழாகவே தெரியும். எழுத்துரு இல்லாவிட்டால்தான் "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். உங்களுக்குத் தெரியாததா. அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான், பாமினி அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. அதனால்தான் பாமினிக் கடிதத்தை ஃபோனுக்கு அனுப்பினால் வேஷம் கலைந்துவிடுகிறது. பழையதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள், அதில் கோப்புக்குள் இருப்பதே உண்மையான தமிழ் எழுத்து. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் அதன் தமிழ்ப் பட்டியலில் ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கும். பாமினியின் அடித்தளமே அந்தத் தட்டச்சுப்பொறி ஒழுங்குதான், ஆகவே விரல் பழக்கம் பெரிதாக மாறாது, ஓரிரண்டு விசை இடம் மாறியிருந்தால் ஒரு வாரம் திட்டிக்கொண்டு அடித்தால் சரியாகிவிடும்.

கலியாணக் காட்டை என்றைக்காவது லினக்ஸில் செய்ய ஆசை வந்தால் பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் பாருங்கள். முன்பு அதில் யூனிகோட் தமிழ் உடைந்து தெரியும், கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று. 1.6 பதிப்பில் அது தீர்ந்துவிட்டது. பிரிண்டரைப் பொறுத்தவரை வாங்கும் முன் விசாரியுங்கள். பக்கத்தை வரைகிற வேலையைத் தானே செய்யாமல் விண்டோஸ் டிரைவரிடம் தள்ளிவிடுகிற மலிவு லேசர் பிரிண்டர்கள் சில லினக்ஸில் அடம் பிடிக்கும். இருப்பதே அப்படிப்பட்டது என்றால் அது எக்ஸ்பியோடே குடித்தனம் நடத்தட்டும்.

கேள்வி: காலையில் போட்டால் ஒரே பீப் சத்தம், திரை வராது. மத்தியானம் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸ் போட்டால் சரியாகுமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: ஆகாது. இது மென்பொருள் பிரச்சினையே இல்லை, உங்கள் ஊர்ப் பிரச்சினை. 1,868 மீட்டர் உயரத்தில், சுவரே வியர்க்கிற வீட்டில் இரவு முழுவதும் குளிர்ந்துபோன இரும்புப் பெட்டிக்குள் ஈரம் படிகிறது. ரேமின் பொன்னிறக் கால்களில் மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால் காலைக் குளிரில் தொடர்பு விட்டுப்போகும், வெயில் ஏறி உள்ளே காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் அந்தக் கால்களை இரண்டு பக்கமும் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். இந்த மாதிரி வந்த மெஷின்களில் பலவற்றை நான் வேறு எதுவும் செய்யாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், காசு வாங்கக் கூச்சமாக இருக்கும். அப்படியும் போகவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ ஐப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள், ரேமே பழுதென்றால் சிவப்பில் காட்டிவிடும்.

பொலித்தீன் உறை போட்டு மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அது தூசியைத் தடுக்கும், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். துணி நல்லது. அதைவிட நல்லது, வேலை இருக்கிறதோ இல்லையோ தினமும் அரை மணி நேரம் போட்டு வைப்பது, அதன் சூடே அதற்கு மருந்து. விறகடுப்பு உள்ள வீடு என்றால் விசிறியில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரிப் படிந்திருக்கும், அதையும் ஒரு தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் "பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு இதைவிடக் கவலை. மின்வழங்கியிலிருந்து சிறு கசிவு பெட்டிக்கு வருவது இயல்பு, மண்ணுக்குப் போகவேண்டிய எர்த் வயர் இல்லாதபோது அது உங்கள் கைவழியாகப் போகப் பார்க்கிறது. மின்சாரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு சொக்கட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் கொம்பியூட்டரைப் பேசுவோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கேட்டால் ரூட்டருக்கு வரும் டெலிஃபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு ரூட்டரை மின்னலுக்குக் கொடுத்தவர்கள் நிறைய.

கேள்வி: பென்டியம் 4, 512 எம்பி ரேம், பழைய பெரிய மொனிட்டர். இதையும் காப்பாற்றலாமா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: காப்பாற்றலாம். டைனி கோர் லினக்ஸ் அதில் பறக்கும், நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளமும் ஏறும். ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். பென்டியம் 4 வகையில் சில சில்லுகள் தனியாகவே 100 வாட்டைத் தாண்டும், பெரிய மொனிட்டரையும் சேர்த்தால் கரண்ட் பில்லில் அது ஒரு தனிப் பிள்ளை. யாராவது கழித்த இரண்டாம் கை கோர் ஐ3, ஐ5 டெஸ்க்டொப் ஒன்று கிடைத்தால் அதை எடுத்து இதே லினக்ஸைப் போடுங்கள். வன்தட்டில் பழைய படங்கள் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள், ஐடிஇ என்ற பழைய வகை வன்தட்டை யூஎஸ்பியில் இணைக்கும் வயர் ஒன்று இருக்கிறது, திருத்தும் கடைகளில் இரவல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அங்கிள், லினக்ஸ் போட்டால் கேம் விளையாட முடியாது என்று அண்ணா சொல்கிறான். உண்மையா?
— தரம் 8 மாணவி, இராகலை

பதில்: அண்ணா விளையாடும் கேம் என்றால் உண்மையாக இருக்கலாம். நீங்கள் சூப்பர் டக்ஸ் போட்டுப் பாருங்கள், பென்குயின் ஒன்று குதித்துக் குதித்து ஓடும், பழைய மெஷினுக்கும் போதும். ஃப்ரோசன் பபிளும் இருக்கிறது. அண்ணா கேட்டால் இரண்டாவது ஆளாக விளையாட விடலாம், ஃப்ரோசன் பபிளில் அதற்கும் இடம் உண்டு.